வீட்டில் கூடி ஜெபித்தால் சீனாவில் குற்றமா? ‘வீட்டுச் சபை’களை அரசு குறிவைப்பது ஏன்? முழு பின்னணி

2025 அக்டோபர் மாதம் சீனாவின் பல நகரங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போலீஸ் இறங்கியது. பிடிபட்டவர்கள் கடத்தல்காரர்களோ பயங்கரவாதிகளோ இல்லை. எல்லோரும் ஒரு கிறிஸ்தவ சபையின் பாஸ்டர்கள், ஊழியர்கள். சுமார் 30 பேர் பிடிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. தெற்கே குவாங்சி பகுதியில் உள்ள பெய்ஹாய் நகரத்தில், அந்தச் சபையை நிறுவிய பாஸ்டர் ஜின் மிங்ரியும் பிடிபட்டார். சபையின் பெயர் சீயோன் சபை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ இந்தக் கைதுகளைக் கண்டித்து, உடனே விடுவிக்க வேண்டும் என்றார்.

அவர்கள் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டைக் கேட்டால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். ‘தகவல் நெட்வொர்க்கை சட்டவிரோதமாகப் பயன்படுத்தியது’. அதாவது, ஆன்லைனில் ஆராதனை நடத்தியது.

சீனாவில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்ட மதம் இல்லை. அரசு அங்கீகரித்த ஐந்து மதங்களில் அதுவும் இருக்கிறது. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் பெரிய பெரிய சர்ச்சுகள் வெளிப்படையாக இயங்குகின்றன. அப்படியிருக்க, வீட்டு ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்து பாடுவதில் அரசுக்கு என்ன பிரச்னை? சர்ச்சு இருக்கும்போது இவர்கள் ஏன் வீட்டில் கூடுகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

வீட்டுச் சபை என்றால் என்ன?

நம்ம ஊரில் வீட்டு ஜெபக்கூட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். புது வீட்டுக்குப் போனால் ஒரு ஜெபம், பிள்ளைக்குப் பரீட்சை என்றால் ஒரு ஜெபம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஒரு சர்ச்சு தனியாக இருக்கும். வீட்டுக் கூட்டம் என்பது அதற்கு மேல் ஒரு சேர்க்கை.

சீனாவில் கதை வேறு. அங்கே வீட்டுச் சபை என்றால் அந்த வீடுதான் சர்ச்சு. ஆராதனை, பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து எல்லாமே அங்கேதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ‘வீட்டுச் சபை’ என்று பெயர் இருந்தாலும், எல்லாம் வீட்டில்தான் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆபீஸ் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த ஹாலில் 1,500 பேர் கூடினாலும் அதற்கும் பெயர் வீட்டுச் சபைதான். அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் அமைப்பில் பதிவு செய்துகொள்ளாத சபை என்பதுதான் அந்தச் சொல்லுக்கு இன்று இருக்கும் அர்த்தம்.

இது சீனாவில் தொடங்கிய வழக்கமா?

இல்லை. கிறிஸ்தவத்தின் முதல் சர்ச்சுகளே வீடுகள்தான். பைபிளின் புதிய ஏற்பாட்டைப் புரட்டினால் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் கூடிய சபை, பிலேமோன் வீட்டில் கூடிய சபை, லீதியாள் என்ற வியாபாரிப் பெண்ணின் வீடு என வரிசையாக வரும். அப்போது ரோம சாம்ராஜ்யத்தில் கிறிஸ்தவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது.

இன்றைய சிரியாவில் இருக்கும் துரா யூரோப்பஸ் என்ற பழைய நகரத்தை 1930களில் தோண்டியபோது, 3-ம் நூற்றாண்டு வீடு ஒன்று கிடைத்தது. வெளியே பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே சுவர் ஓவியங்களும் ஞானஸ்நானத் தொட்டியும் இருந்தன. இன்றுவரை கிடைத்த வீட்டுச் சபைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. 313-ல் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த பிறகுதான் பெரிய ஆலயங்கள் எழும்பத் தொடங்கின.

சீன வீட்டுச் சபைக்காரர்கள் இந்த வரலாற்றை அடிக்கடி நினைவுபடுத்துவார்கள். ‘நாங்கள் புதிதாக எதையும் செய்யவில்லை’ என்பது அவர்கள் வாதம்.

சீனாவில் எப்படித் தொடங்கியது?

1949-ல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வெளிநாட்டு மிஷனரிகள் எல்லோரும் வெளியேறினார்கள். சீனத் திருச்சபை வெளிநாட்டுத் தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டும் என்ற இயக்கத்தை, வூ யாவ்சோங் என்ற கிறிஸ்தவத் தலைவர் அரசின் ஆதரவுடன் முன்னெடுத்தார். 1954-ல் அது ‘மூன்று சுய தேசபக்தி இயக்கம்’ என்ற அமைப்பாக மாறியது.

மூன்று சுயம் என்ன? சுய நிர்வாகம், சுய வருமானம், சுய பிரசாரம்.

இதில் தமிழர்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. இந்த ‘மூன்று சுய’ கொள்கையை கம்யூனிஸ்டுகள் கண்டுபிடிக்கவில்லை. 19-ம் நூற்றாண்டிலேயே அதை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஹென்றி வென். சிஎம்எஸ் என்று நம் தென்மாவட்டங்களில் இன்றும் சொல்லப்படும் இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் செயலாளர் அவர். திருநெல்வேலிச் சீமையில் சர்ச்சும் பள்ளிக்கூடமும் கட்டிய அதே சிஎம்எஸ்தான். மிஷனரி ஒருநாள் கிளம்பிப் போய்விட வேண்டும், உள்ளூர்ச் சபை தன் காலில் நிற்க வேண்டும் என்பது அவர் யோசனை. சீனாவில் அந்த யோசனைக்கு முன்னால் கட்சியின் மேற்பார்வை வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பெய்ஜிங்கில் வெளிநாட்டுப் பணம் எதுவும் வாங்காமல் சபை நடத்திவந்தவர் வாங் மிங்தாவ். சொல்லப்போனால் மூன்று சுயமும் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. இருந்தும் அந்த இயக்கத்தில் சேர மாட்டேன் என்றார். விசுவாசம் வேறு, அரசியல் வேறு, இரண்டையும் ஒரே அமைப்பில் கட்ட முடியாது என்பது அவர் நிலைப்பாடு. 1955-ல் கைதானார். நடுவில் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தார். பிறகு அதை மனசாட்சி ஏற்காமல் திரும்பப் பெற்றார். மீண்டும் சிறை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 1980-ல்தான் வெளியே வந்தார்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் வாட்ச்மேன் நீ. அவருடைய புத்தகங்கள் தமிழிலும் படிக்கப்படுகின்றன. அவரும் 1952-ல் கைதாகி, 1972-ல் உழைப்பு முகாமிலேயே இறந்தார்.

சர்ச்சே இல்லாத ஆண்டுகள்

1966-ல் மாவோவின் கலாசாரப் புரட்சி தொடங்கியது. அப்போது பதிவு செய்த சபை, செய்யாத சபை என்ற பேதமே இல்லை. எல்லா சர்ச்சும் மூடப்பட்டன. பைபிள்கள் எரிக்கப்பட்டன. அரசுக்கு விசுவாசமாக இருந்த மூன்று சுய இயக்கமும் முடங்கியது.

கிறிஸ்தவம் சீனாவில் முடிந்துபோய்விட்டது என்று வெளியே பலர் நினைத்தார்கள். 1979-ல் சர்ச்சுகள் மறுபடி திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. கட்டடமும் பாஸ்டரும் அச்சிட்ட பைபிளும் இல்லாத அந்த ஆண்டுகளில் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. கைப்பட எழுதிய பைபிள் பகுதிகள் கைமாறிக்கொண்டிருந்தன. பாட்டி, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் இரவில் கூடிய சமையலறைகள்தான் சபையாக இருந்தன. ஹெனான் போன்ற விவசாய மாகாணங்களில் 1980களில் வீட்டுச் சபைகள் வேகமாகப் பரவியதற்கு அடித்தளம் இதுதான்.

ஒரு முக்கியமான பாடத்தை வீட்டுச் சபைகள் இந்தக் காலத்தில் கற்றுக்கொண்டன. கட்டடம் போனாலும் கூட்டம் இருந்தால் சபை இருக்கும். அரசும் அதே பாடத்தைக் கற்றுக்கொண்டதா என்பதுதான் இன்றைய கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

சீன அரசமைப்புச் சட்டத்தின் 36-வது பிரிவு மத நம்பிக்கைச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. ஆனால் அரசு பாதுகாப்பது ‘வழக்கமான மத நடவடிக்கைகளை’ மட்டும்தான். வழக்கமானது எது என்று முடிவு செய்வது யார்? அரசுதான்.

1982-ல் கட்சி வெளியிட்ட ‘ஆவணம் 19’ வீட்டுக் கூட்டங்களைப் பற்றி ஒரு வினோதமான நிலைப்பாட்டை எடுத்தது. கொள்கை அளவில் அனுமதிக்கக் கூடாது, ஆனால் ரொம்பக் கறாராகத் தடுக்கவும் வேண்டாம் என்றது. 1997-ல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, உறவினரும் நண்பர்களும் வீட்டில் கூடி ஜெபிக்கவும் பைபிள் படிக்கவும் பதிவு தேவையில்லை என்றது. எத்தனை பேர் வரை நண்பர்கள், எத்தனை பேருக்கு மேல் சபை? அதற்குத் தெளிவான கோடு எதுவும் இல்லை.

சுமார் முப்பது ஆண்டுகள் இந்தத் தெளிவின்மைதான் வீட்டுச் சபைகளுக்குக் குடை. உள்ளூர் அதிகாரி கண்டுகொள்ளாவிட்டால் நடத்தலாம். கண்டுகொண்டால் இடம் மாறலாம்.

அந்தக் குடையை மடக்கியது மூன்று நடவடிக்கைகள்.

முதலாவது, 2018 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்த திருத்தப்பட்ட மத விவகார விதிமுறைகள். கூட்டு மத நடவடிக்கைகள் பொதுவாகப் பதிவு செய்த இடத்தில்தான் நடக்க வேண்டும். சட்டவிரோத மத நடவடிக்கைக்கு இடம் கொடுப்பவருக்கு, விவகாரம் பெரிது என்றால் 20,000 முதல் 2 லட்சம் யுவான் வரை அபராதம். இதைக் கவனியுங்கள். அபராதம் பிரசங்கம் செய்பவருக்கு மட்டும் இல்லை, ஹாலைத் திறந்துவிட்ட வீட்டுக்காரருக்கும் உண்டு.

இரண்டாவது, அதே 2018-ல் மத விவகாரத் துறை நேரடியாகக் கட்சியின் ஐக்கிய முன்னணிப் பணித் துறையின் கீழ் போனது. அதுவரை அது அரசு நிர்வாகத்தின் பக்கம் இருந்தது.

மூன்றாவது, 2022 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த இணைய மதத் தகவல் விதிகள். லைசென்ஸ் இல்லாமல் ஆராதனையை லைவ் செய்யக் கூடாது. 2025 செப்டம்பரில் மதகுருமார்களின் ஆன்லைன் நடத்தைக்கென்றே தனி விதிகளும் வந்தன. சீயோன் சபை மீதான நடவடிக்கை அதற்கு அடுத்த மாதம் நடந்தது.

பதிவு செய்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடாதா?

பலருக்கும் தோன்றும் நியாயமான கேள்வி இது. பதிவு செய்தால் கட்டடம் கட்டலாம், பைபிள் விற்கலாம், பயமில்லாமல் கூடலாம். நான்ஜிங்கில் உள்ள அமிட்டி அச்சகம் 2019-க்குள் 20 கோடி பைபிள்களை அச்சடித்திருக்கிறது. அது நடந்தது சீன மண்ணில், அரசின் அனுமதியோடுதான். ஆனால் சீனாவுக்குள் அந்தப் பைபிள் கிடைப்பது பதிவு செய்த சபைகள் வழியாகத்தான். 2018-ல் ஆன்லைன் கடைகளில் இருந்து பைபிள் காணாமல் போனது.

மூன்று சுய சபைகளுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பெயருக்குக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. உண்மையான பக்தியோடு இருக்கும் பாஸ்டர்களும் விசுவாசிகளும் அங்கே ஏராளம். காலையில் பதிவு செய்த சர்ச்சு, மாலையில் வீட்டுக் கூட்டம் என்று இரண்டுக்கும் போகிறவர்களும் உண்டு. ஜின் மிங்ரியே சீயோன் சபையைத் தொடங்கும் முன் சுமார் பத்து ஆண்டுகள் மூன்று சுய சபையில் பணியாற்றியவர்தான்.

அப்படியானால் தடை எது? பதிவு என்பது ஒரு பெயரை ரிஜிஸ்டரில் ஏற்றும் வேலையோடு முடிவதில்லை. யார் பாஸ்டர், எங்கே பிரசங்கம், பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தலாமா என்பதில் எல்லாம் அரசு அமைப்பின் கை இருக்கும். 2016-ல் அதிபர் ஷி ஜின்பிங், மதங்கள் ‘சீனமயம்’ ஆக வேண்டும் என்று வலியுறுத்திய பிறகு அந்தக் கை இன்னும் இறுகியது. சபைக்குத் தலைவர் கிறிஸ்துவா, கட்சியா என்று வீட்டுச் சபைக்காரர்கள் கேட்பது இந்த இடத்தில்தான்.

பதிவு முழுப் பாதுகாப்பும் தரவில்லை. ‘சீனாவின் ஜெருசலேம்’ என்று அழைக்கப்படும் வென்சோ நகரத்தில், பதிவு செய்த சான்ஜியாங் சர்ச்சு 2014 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலுவைகள் கோபுரங்களில் இருந்து இறக்கப்பட்டன. அவற்றில் பல அரசு அனுமதி பெற்ற சர்ச்சுகள்.

அரசு எதைப் பார்த்துப் பயப்படுகிறது?

பெய்ஜிங்கின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 19-ம் நூற்றாண்டில் அபினிப் போர்களில் தோற்ற சீனா, மேற்கு நாடுகளோடு சமமில்லாத ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மிஷனரிகளுக்கான சலுகைகளும் அந்த ஒப்பந்தங்களோடுதான் வந்தன. பைபிளைத் தன் போக்கில் படித்துவிட்டு, தான் இயேசுவின் தம்பி என்று சொன்ன ஹோங் சியூசுவான் தொடங்கிய தைப்பிங் கிளர்ச்சியில் கோடிக்கணக்கானோர் செத்தார்கள். 1989-ல் கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் சரிந்தபோது போலந்து போன்ற நாடுகளில் திருச்சபைக்கு இருந்த பங்கையும் கட்சி மறக்கவில்லை.

இந்தப் பயத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ஆனால் இன்றைய வீட்டுச் சபைகளோடு அது எந்த அளவு பொருந்துகிறது என்பது வேறு கேள்வி. இன்று பெரும்பாலான வீட்டுச் சபைகளை நடத்துவது சீனர்கள், காணிக்கை போடுவது சீனர்கள், பிரசங்கம் சீன மொழியில்.

வழக்குகளைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஜெபித்ததற்காக என்று யார் மீதும் வழக்கு போடப்படுவதில்லை.

செங்டு நகரத்தின் ‘ஏர்லி ரெய்ன்’ சபை பாஸ்டர் வாங் யீ, முன்பு சட்ட விரிவுரையாளர். 2018 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட சபையினரோடு பிடிக்கப்பட்டார். 2019 டிசம்பர் 30-ல் அவருக்கு 9 ஆண்டு சிறை. குற்றங்கள் இரண்டு. ஒன்று, அரசைக் கவிழ்க்கத் தூண்டியது. இன்னொன்று, சட்டவிரோத வியாபாரம். தான் பிடிபட்டால் வெளியிடுவதற்காக அவர் முன்கூட்டியே ஒரு அறிக்கையை எழுதி வைத்திருந்தார். அரசியல் மாற்றம் தன் நோக்கம் இல்லை, வன்முறை இல்லாமல் தண்டனையை ஏற்பேன், ஆனால் விசுவாச விஷயத்தில் கீழ்ப்படிய மாட்டேன் என்பது அதன் சாரம்.

ஷான்சி மாகாணத்தின் லின்ஃபென் நகரத்தில் ‘பொன் குத்துவிளக்கு’ சபை கட்டிய பெரிய கட்டடம், 2018 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் தலைவர்கள் மீது பின்னர் வந்தது மோசடி வழக்கு. விசுவாசிகள் போட்ட காணிக்கையே மோசடிப் பணமாகக் கணக்கிடப்பட்டது. 2025-ல் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தப் பட்டியலைச் சேர்த்துப் படித்தால் அரசின் கணக்கு புரியும். காணிக்கை என்றால் மோசடி. புத்தகம் அச்சிட்டால் சட்டவிரோத வியாபாரம். ஜூமில் கூடினால் நெட்வொர்க் குற்றம். தனியாக நம்புவதற்கு யாரும் தடை போடவில்லை. சேர்ந்து செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டப் பிரிவு காத்திருக்கிறது.

ஆனால் கிறிஸ்தவத்தில் நம்பிக்கையும் கூடுவதும் பிரிக்க முடியாதவை. திருவிருந்தைத் தனியாக எடுக்க முடியாது, ஞானஸ்நானத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. ‘ஐக்கியம்’ என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்வார்களே, அது இல்லாவிட்டால் பாதி விசுவாசம் போய்விடும். அரசு நம்பிக்கைக்கு அனுமதி கொடுத்துவிட்டு ஐக்கியத்துக்கு லைசென்ஸ் கேட்கிறது. மோதல் இந்த ஒரு புள்ளியில்தான்.

வீட்டிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து வீட்டுக்கு

2000-க்குப் பிறகு சீன நகரங்களில் ஒரு புதுத் தலைமுறை வீட்டுச் சபைகள் வந்தன. பேராசிரியர்கள், வக்கீல்கள், ஐடி ஊழியர்கள் என்று படித்தவர்கள். இனி ஒளிந்து கூட வேண்டாம், வெளிப்படையாக இருப்போம் என்பது இவர்கள் முடிவு.

பெய்ஜிங்கின் ஷோவாங் சபை 2009-ல் சுமார் 2.7 கோடி யுவானுக்கு ஒரு கட்டடத்தின் ஒரு தளத்தையே வாங்கியது. சாவி கைக்கு வரவில்லை. அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். அந்த நவம்பரில் சபையார் பூங்காவில் கொட்டும் பனியில் நின்று ஆராதனை நடத்தினார்கள். 2011-ல் மறுபடி வெளியில் கூட முயன்றபோது வாராவாரம் கைதுகள். 2019 மார்ச்சில் சபை தடை செய்யப்பட்டது.

2007-ல் தொடங்கிய சீயோன் சபை, வடக்கு பெய்ஜிங்கில் ஒரு கட்டடத்தில் பெரிய ஹாலை வாடகைக்கு எடுத்து நடந்தது. சுமார் 1,500 பேர் வருவார்கள். 2018-ல் பாதுகாப்புக்காக 24 சிசிடிவி கேமரா பொருத்தச் சொன்னது அரசு. ஆராதனை நடக்கும் இடத்தில் கேமரா வைக்க முடியாது என்றது சபை. பிறகு விசுவாசிகளின் வேலையிடங்களுக்கும் வீடுகளுக்கும் போலீஸ் போனது. கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொன்னார். செப்டம்பரில் ஹால் மூடப்பட்டது.

சபை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1,500 பேர் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். பிரசங்கம் ஜூமில் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஐந்தாறு பேர் கூடிப் பார்த்தார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள். 2020-ல் கொரோனா வந்து எல்லாக் கதவும் மூடியபோது இந்த ஏற்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. வேறு ஊர்களில் இருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். 2025-ல் கைது நடந்தபோது ஏறத்தாழ 50 நகரங்களில் சுமார் 5,000 பேர் வழக்கமாகக் கூடுவதாகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. ஒரு ஹாலை மூடியதில் கிடைத்த பலன் இது.

உள்ளே என்ன நடக்கிறது?

வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு இரண்டு பேராக, நேரம் தள்ளித் தள்ளி வருவார்கள். ஜன்னல் மூடியிருக்கும். பாட்டுச் சத்தம் பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்காத அளவுக்குத்தான். ஒரே வீட்டில் தொடர்ந்து கூடினால் கவனம் விழும் என்பதால் சில குழுக்கள் வீடு மாற்றி வீடு கூடும்.

ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு இது வேறு ஓர் அனுபவம். ஐந்நூறு பேர் உட்காரும் சர்ச்சில் கடைசி பெஞ்சில் இருந்து எழுந்து போய்விடலாம். ஆறு பேர் இருக்கும் அறையில் யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆராதனை முடிந்து ஒன்றாகச் சாப்பிடுவதும் கூட்டத்தின் ஒரு பகுதிதான். கிராமத்தைவிட்டு வேலைக்காகப் பெரிய நகரத்துக்கு வந்து, பக்கத்து ஃபிளாட்டில் யார் என்றுகூடத் தெரியாமல் வாழும் லட்சக்கணக்கான சீன இளைஞர்களுக்கு இந்தச் சின்ன வட்டம் ஒரு குடும்பம்.

ஒருவர் கைதானால் இந்த வட்டத்தின் அர்த்தம் இன்னும் தெளிவாகத் தெரியும். குடும்பத்துக்கு வாடகை யார் கொடுப்பது, வக்கீலை யார் தேடுவது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? இதையெல்லாம் செய்வது அந்த ஆறு பேர்தான்.

வீட்டுச் சபையில் குறைகளே இல்லையா?

இருக்கின்றன. முறையாகப் படித்த பாஸ்டர் எல்லா வீட்டுக்கும் கிடைக்க மாட்டார். தலைவர் சொல்வதே வேதம் என்று ஆகிவிட்டால் கேள்வி கேட்க மேலே ஓர் அமைப்பு கிடையாது. காணிக்கைக் கணக்கை வெளியே காட்ட வழியில்லாத சூழலில், தவறு நடந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். ‘கிழக்கு மின்னல்’ போன்ற குழுக்கள் வீட்டுச் சபைகளுக்குள் புகுந்து ஆள் பிடித்த வரலாறும் உண்டு. அதை அரசு மட்டும் இல்லாமல் வீட்டுச் சபைகளும் எதிர்க்கின்றன.

முரண் என்னவென்றால், இந்தக் குறைகளில் பெரும்பாலானவை மறைந்து வாழ்வதால் வருபவை. வெளிப்படையாக இயங்க விட்டால் பயிற்சியும் தணிக்கையும் சாத்தியம். ஷோவாங், சீயோன் போன்ற சபைகள் கேட்டதும் அதைத்தான்.

மொத்தம் எத்தனை பேர்?

சீன அரசின் 2018 வெள்ளை அறிக்கைப்படி புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் 3.8 கோடி. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2010-க்கு மதிப்பிட்டது 5.8 கோடி. அதே மையத்தின் 2023 அறிக்கை, கருத்துக்கணிப்புகளில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளும் வயதுவந்தோர் சுமார் 2 சதவீதம்தான் என்கிறது. அதாவது ஏறக்குறைய 2 கோடி.

வித்தியாசம் ஏன் இவ்வளவு? பதிவு செய்யாத சபைக்குப் போகும் ஒருவர், முன்பின் தெரியாத கணக்கெடுப்பாளரிடம் உண்மையைச் சொல்வாரா என்பதே பெரிய கேள்வி. 1980, 90களில் இருந்த வேகமான வளர்ச்சி இப்போது இல்லை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ‘அடிக்க அடிக்க வளரும்’ என்ற நம்பிக்கை எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து என்ன?

சீயோன் வழக்கில் சொல்லப்பட்ட நெட்வொர்க் குற்றத்துக்குச் சட்டப்படி அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. கூடுதலாக மோசடி போன்ற பிரிவுகள் சேர்க்கப்பட்டால் தண்டனை நீளும். லின்ஃபென் வழக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பழைய அடக்குமுறையில் கட்டடத்தை மூடினால் வீடு மிச்சம் இருந்தது. இப்போது வீட்டுக்காரருக்கு அபராதம், வாடகைதாரருக்கு நெருக்கடி, போனில் கண்காணிப்பு, ஜூமுக்கு லைசென்ஸ் என்று வலை வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. பல இடங்களில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஆராதனைக்கு அழைத்துவரக் கூடாது என்ற நெருக்கடியும் இருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு விசுவாசத்தைக் கொடுக்கும் இடம் வீடுதான் என்ற நிலையில், அது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு வீட்டுச் சபைகளின் பதில், இன்னும் சின்னதாவது. ஐம்பது பேர் இருந்த இடத்தில் பத்து, பத்து இருந்த இடத்தில் நான்கு. சின்னதானால் கண்ணில் படாது. ஆனால் சின்னதாக ஆக பாஸ்டர் கிடைக்க மாட்டார், புதியவர் வர வழி இருக்காது, ஒருவர் பயந்து விலகினாலும் பெரிய இழப்பு. அரசு எதிர்பார்ப்பதும் இதைத்தான். எல்லோரையும் சிறையில் போடத் தேவையில்லை. ஒருவருக்கொருவர் கதவைத் திறக்கப் பயந்தால் போதும்.

1970களில் சமையலறைகளில் கூடியவர்கள் கதவைத் திறந்தார்கள். அப்போது போனில் கேமராவும் இல்லை, கட்டட வாசலில் முகத்தை அடையாளம் காணும் கருவியும் இல்லை. சீயோன் சபையின் பெரும்பாலான தலைவர்கள் உள்ளே இருந்தாலும் அதன் வீட்டுக் குழுக்கள் தொடர்ந்து கூடுமா என்பதில்தான் சீன வீட்டுச் சபைகளின் அடுத்த கட்டம் இருக்கிறது. அதற்கான விடையை நீதிமன்றத் தீர்ப்பு சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடிக்கும்போது கதவைத் திறப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும்தான் சொல்ல வேண்டும்.